அம்மம்மா வீடு, நாவற்குடா (குடும்பக் குழு)

ஞாயிற்றுக்கிழமை

ரீச்சர் சின்னம்மா, மாலை 6.40
எல்லாரும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், நீளமாகத்தான் வரும். எங்கள் பள்ளிக்கூடத்தில் தரம் 10 படிக்கிற ஒரு பையன் இரண்டு கிழமையாக வரவில்லை. தனக்கு இன்னொரு பையனைப் பிடிக்கும் என்று ஒரு சினேகிதனை நம்பி எழுதியிருக்கிறான், அதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அடுத்த நாள் அவனுடைய மேசையில் ஒரு பட்டப்பெயர் செதுக்கியிருந்தது, மறுகா மலசலகூடச் சுவரில், அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பற்றிக் கதைத்தோம். முடிவு என்ன தெரியுமா? இப்படி வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வகுப்பாசிரியரும் பார்த்துப் பட்டியல் கொடுக்க வேண்டுமாம். மேசையில் செதுக்கினது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாளாக நித்திரை இல்லை.

கல்லடி மாமா, மாலை 6.52
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரீச்சர் சின்னம்மா, மாலை 6.53
அழித்தது நல்லது அண்ணன். யாரும் ஊகித்துப் பெயர் எழுத வேண்டாம். ஊகம் சரியென்றால் அந்தப் பிள்ளையின் ரகசியம் இந்தக் குழுவில் இருக்கிற எல்லாருடைய போனுக்கும் போகிறது, பிழையென்றால் நாளைக்கு இன்னொரு பிள்ளையின் மேசையில் செதுக்குவார்கள். அந்தப் பட்டியலும் இதே வேலையைத்தான் செய்யும்.

கல்லடி மாமி, மாலை 7.01
பாவம் பிள்ளை. ஆனால் எனக்கு விளங்கவில்லை, பதினைந்து வயதில் இதெல்லாம் எப்படி வரும்? நெட்டில் பார்த்துப் பழகியிருப்பான். நல்ல டொக்டர் ஒருவரிடம் காட்டச் சொல்லு, மாமாங்கேஸ்வரருக்கும் ஒரு நேர்த்தி வைக்கட்டும்.

ரீச்சர் சின்னம்மா, மாலை 7.09
மச்சாள், வைகாசிச் சடங்குக்குப் போன இடத்தில் அண்ணனைக் கண்டு பிடித்துப்போனபோது உங்களுக்கும் பதினாறு வயதுதானே, நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். யாரும் பழக்கித் தரவில்லையே. அவனுக்கும் அப்படித்தான். இது வருத்தம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் திகதியே நோய்களின் பட்டியலில் இருந்து இதை எடுத்துவிட்டது. டொக்டரிடம் கொண்டுபோக வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது, அவன் சாப்பிடாமல் நித்திரை இல்லாமல் கிடக்கிறானே, அது. அதைக் குணமாக்க மேசையைத்தான் முதலில் சீவ வேண்டும்.

லண்டன் அக்கா, மாலை 7.20
சின்னம்மா, நான் இங்கே வகுப்பில் உதவி ஆசிரியராக இருக்கிறபடியால் சொல்கிறேன், முதலில் இதைப் பற்றிக் கதைக்கிற சொல்லை மாற்றுங்கள். ஓரினச்சேர்க்கை என்று சொன்னவுடன் ஆட்களுக்குப் படுக்கைதான் நினைவுக்கு வருகிறது, அந்தப் பிள்ளை யாரையும் தொட்டிருக்கவே மாட்டான். தன்பாலீர்ப்பு என்று சொல்லுங்கள், இரண்டு பேர் பக்கமும் மனம் போனால் இருபாலீர்ப்பு.

ரீச்சர் சின்னம்மா, மாலை 7.26
அதுவும் கூட்டத்தில் வந்தது மகள். "போன வருடம் ஒரு பெண்பிள்ளைக்குப் பின்னால் திரிந்தவன்தானே, இது விளையாட்டு, தானாகப் போய்விடும்" என்று ஒரு சேர் சொன்னார். அவனுக்கு அந்தப் பிள்ளையையும் உண்மையாகப் பிடித்திருக்கலாம், இவனையும் உண்மையாகப் பிடித்திருக்கலாம். ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய் என்றால் அவன் யாரிடம் போய்ச் சொல்வான்?

கல்லடி மாமா, மாலை 7.38
நான் கேட்கிறேன் என்று கோபிக்காதே தங்கச்சி. சட்டத்தில் குற்றம் என்று இருக்கிறதே. நீ இதில் தலையிட்டு வேலைக்குப் பிரச்சினை வந்தால்?

செங்கலடி அண்ணா, மாலை 7.55
மாமா, கோர்ட்டுக்குப் போய்வருகிறவன் என்றபடியால் நான் சொல்கிறேன். தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ என்ற பிரிவுகள் இருக்கின்றன, 1883இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம், 1995இல் திருத்தும்போது பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அவை செயலைப் பற்றினவை. ஒருவனுக்கு ஒருவனைப் பிடிப்பது எந்தப் பிரிவிலும் குற்றம் இல்லை, அந்தப் பிள்ளையைப் பாதுகாக்கிற ஆசிரியரும் குற்றவாளி இல்லை. 2023 மே மாதம் உயர் நீதிமன்றம், இதைக் குற்றமில்லை என்று மாற்ற வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை, சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று சொன்னது. மறுகா அது பாராளுமன்றத்தில் நிறைவேறாமல் போனது வேறு கதை. இன்னொன்று, 5 வயது தொடக்கம் 16 வரை கட்டாயக் கல்வி. பள்ளிக்கூடத்தில் நடந்த காரியத்தால் 15 வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது பள்ளிக்கூடம்தான்.

லண்டன் அக்கா, இரவு 8.04
இங்கேயும் அந்தப் பயம் இருந்தது மாமா. 1988இல் பிரிவு 28 என்று ஒன்று கொண்டுவந்தார்கள், உள்ளூராட்சி சபைகள் இதை ஊக்குவிக்கக் கூடாது என்று. அதன் கீழ் ஒரு ஆசிரியருக்குக்கூடத் தண்டனை கிடைக்கவில்லை, ஆனால் பிள்ளைகள் அடி வாங்கும்போதும் ஆசிரியர்கள் வாய் திறக்கப் பயந்தார்கள். ஸ்கொட்லாந்தில் 2000இல் எடுத்தார்கள், இங்கிலாந்தில் 2003 வரை இருந்தது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் இப்போது என்னோடு வேலை செய்கிறார்கள், ரீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதைத்தான் இன்றைக்கும் சொல்லி அழுகிறார்கள். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் வேறு மாதிரிச் செய்தார்கள். 1992இல் ஆளுநர் ஒரு குழு அமைத்தார், அந்தக் குழு பிள்ளைகளையே கூப்பிட்டுக் கேட்டது, 1993இல் பள்ளிக்கூடத்தில் இதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று சட்டமே வந்தது.

ரீச்சர் சின்னம்மா, இரவு 8.10
பார்த்துக்கொண்டு நின்றார். அதைத்தான் நான் வெள்ளிக்கிழமை செய்தேன்.

கல்லடி மாமா, இரவு 8.31
எங்களோடு படித்த ஒருவன் இருந்தான். வடமோடிக் கூத்தில் பெண் வேடம் கட்டினால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரே எழும்பி நின்று பார்ப்பார், அப்படி ஆடுவான். நாங்கள்தான் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தோம், நானும் சேர்ந்துதான். ஓ.எல். பரீட்சை எழுதவில்லை. வாழைச்சேனையில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனான் என்றார்கள். அவன் அப்படியான ஆளோ என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ரீச்சர் சின்னம்மா, இரவு 8.37
பெண் வேடம் கட்டினால் அப்படி என்று இல்லை அண்ணன். எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள்தானே கட்டினார்கள். அவர் யாராக இருந்தாலும் பட்டப்பெயர் பட்டப்பெயர்தான், ஓ.எல். போனது போனதுதான். யார் அப்படி என்று கண்டுபிடிக்கிறது ஆசிரியரின் வேலை இல்லை. யாராக இருந்தாலும் பயமில்லாமல் வந்து உட்காரக்கூடிய வகுப்பாக வைத்திருக்கிறதுதான் வேலை.

கல்லடி மாமி, இரவு 8.44
தாய்க்குத் தெரியுமா?

ரீச்சர் சின்னம்மா, இரவு 8.58
வியாழக்கிழமை வந்தா. காய்ச்சல் என்று சொல்கிறான், ஆனால் உடம்பு சுடவில்லையே ரீச்சர் என்று கேட்டா. வகுப்பில் பையன்கள் தொல்லை கொடுக்கிறார்கள், அதை நிறுத்துவது எங்கள் பொறுப்பு என்று மட்டும் சொன்னேன். மற்றது அவனாகச் சொல்ல வேண்டிய கதை, எப்போது சொல்வது, சொல்லாமலே விடுவதா என்பதும் அவனுடைய விருப்பம். வீட்டில் அடி விழுமா, வெளியே போகச் சொல்வார்களா என்று எங்களுக்கு என்ன தெரியும்?

நாளைக்கு அதிபரிடம் போகப் போகிறேன். பட்டியல் எடுக்க மாட்டேன், எழுத்திலேயே கொடுக்கிறேன். மேசையும் சுவரும் நாளைக்கே சுத்தமாக வேண்டும். அந்தச் சொல் எந்த வகுப்பில் கேட்டாலும் அங்கே நிற்கிற ஆசிரியர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், சிரித்துவிட்டுப் போகக் கூடாது. சொல்லப்பட்ட பிள்ளையிடம் "நீ அப்படியா" என்று கேட்கவும் கூடாது. இடைவேளையில் மலசலகூடப் பக்கம் ஒரு ஆள் நிற்க வேண்டும், எல்லாம் அங்கேதான் நடக்கிறது. ஆலோசனை ஆசிரியருக்கு இப்போது இடம் பிரதி அதிபரின் அறைக்குள்ளே, யார் உள்ளே போனாலும் முழுப் பள்ளிக்கூடமும் பார்க்கும், எந்தப் பிள்ளை போகும்? நூலகத்தின் பின் அறை சும்மாதான் கிடக்கிறது. 1929 சிறுவர் உதவி இலக்கத்தையும் 1926 மனநல இலக்கத்தையும் எல்லா வகுப்பிலும் ஒட்ட வேண்டும், ஒரு பிள்ளைக்கென்று இல்லாமல் எல்லாருக்கும்.

செங்கலடி அண்ணா, இரவு 9.03
கடிதத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். பையனின் பெயர் அதிலும் வேண்டாம்.

கல்லடி மாமா, இரவு 9.06
பள்ளிக்கூட அபிவிருத்திக் குழுவில் என்னோடு வேலை செய்தவர் ஒருவர் இருக்கிறார். பெயர் ஒன்றும் சொல்லாமல் அந்த அறைக் கதையை மட்டும் கதைக்கிறேன்.

தம்பி, இரவு 9.40
சின்னம்மா, அந்த ஸ்கிரீன்ஷாட்டை நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன்.

தம்பி, இரவு 9.41
செதுக்கினது நான் இல்லை

ரீச்சர் சின்னம்மா, இரவு 9.47
மனெ, சொன்னது நல்லது. இனி இங்கே எழுதாதே, நாளைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வா. இப்போதே உன்னுடைய போனில் இருந்து அழி, நீ அனுப்பின இரண்டு பேரிடமும் அழிக்கச் சொல்லு. மறுகா அவன் வீட்டுக்குப் போ, தனியாகப் போ, கூட்டம் சேர்த்துக்கொண்டு போகாதே. தாய்க்கு முன்னால் இந்தக் கதை ஒன்றும் எடுக்க வேண்டாம்.

தம்பி, இரவு 9.49
அவன் வெளியே வராவிட்டால்?

ரீச்சர் சின்னம்மா, இரவு 9.52
வராவிட்டால் உன்னுடைய கணக்குக் கொப்பியையும் விஞ்ஞானக் கொப்பியையும் தாயிடம் கொடுத்துவிட்டு வா. இரண்டு கிழமைப் பாடம் கிடக்கிறது. புதன்கிழமை கொப்பியை வாங்கப் போகும்போது திரும்பவும் கூப்பிட்டுப் பார்.