தீவாளிக்குத் தள்ளிப் போன டச் போன்: காத்திருக்கறதா, வேற பாக்கறதா?

அவிநாசி அம்மிணி | 11 செப்டம்பர் 2021, ராத்திரி 9.40

ஏனுங்க, போன் விசயம் தெரிஞ்சவீங்க யாராச்சும் கொஞ்சம் சொல்லுங்க.

என்ர பொண்ணு ஏழாவது, கவர்மெண்ட் ஸ்கூல். ஒண்ணாம் தேதி ஒம்பதாவதுக்கு மேல மட்டுந்தான் ஸ்கூல் தெறந்தாங்க. இவளுக்கு இன்னும் வீட்லயேதான். டீச்சர் கணக்கை நோட்டுல எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போடறாங்க. புதன், வெள்ளி கூகுள் மீட்டுல கிளாஸ். எங்க வீட்ல ரண்டே போன். அவரு போன் காத்தால ஆறு மணிக்கே அவரோட டூட்டிக்குப் போயிரும். என்கிட்ட இருக்கறது அந்த 1,500 ரூவா டெபாசிட் கட்டி வாங்குன பட்டன் ஜியோபோன். வாட்ஸ்அப் வரும், மீட் வராது. ஒரு பக்கத்துக் கணக்கு தீப்பெட்டி அளவுலதான் தெரியும். பின்னக் கணக்கு வந்துட்டா மேல இருக்கறது மூணா எட்டான்னு தெரியாம இவ ஒரு குத்துமதிப்புல எழுதி அனுப்பறா.

விநாயகர் சதுர்த்திக்கு ஜியோபோன் நெக்ஸ்ட்டுன்னு கம்மி விலையில டச் போன் வருதுன்னு ஜூன் மாசமே சொன்னாங்களே, அதை நம்பித்தான் இருந்தேன். போன மாசம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மொபைல் கடையில கேட்டதுக்கு, 500 குடுத்துட்டுப் போங்கக்கா, மொதப் பெட்டி உங்களுக்குத்தான்னாரு. குடுத்துப்போட்டேன். நேத்து கொழுக்கட்டையை அடுப்புல வெச்சுப்போட்டு நேரா கடைக்குப் போனா, தீவாளிக்குத் தள்ளிப் போச்சுங்கக்காங்கறாரு.

நெசமாலுமே தள்ளிப் போச்சுங்களா, இல்லை இவரு கதை உடறாரா? தீவாளி வரைக்கும் பொறுக்கலாமுங்களா? கையில 2,000 இருக்குது. பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறேன், போனஸ் வர அக்டோபர் கடைசி ஆயிரும். அந்த 500-ஐத் திருப்பிக் கேட்டா குடுப்பாருங்களா?

சோமனூர் தறிக்காரர் | 11 செப்டம்பர், 10.12

தள்ளிப் போனது நெசந்தான் அம்மிணி, டிவிலயே சொன்னாங்க.

2017 ஞாபகம் வருது. ஆகஸ்ட் 24 சாயங்காலம் பட்டன் ஜியோபோனுக்குப் புக்கிங் தெறந்தாங்க. 500 இப்ப, 1,000 போன் கைக்கு வரும்போது. தறியை ஓட்ட உட்டுப்போட்டு நான் இங்க போனை அமுக்கிட்டே நிக்கறேன், சைட்டு தொறக்கவே மாட்டீங்குது. அந்தப் பக்கம் நூல் அறுந்து நாலு இஞ்சு துணி போச்சு. கூட்டம் தாங்காம அவங்களும் புக்கிங்கையே கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெச்சாங்க.

பெருந்துறை மாப்ளே | 11 செப்டம்பர், 10.30

அக்கா கவலைப்படாதீங்க. எங்க குரூப்புல ஒரு லிங்க் வந்திருக்குது. அதுல 500 கட்டுனா தீவாளிக்கு முன்னாடியே கொரியர்ல வீட்டுக்கே வந்துருமாம். வேணுமுன்னா அனுப்பறேன்.

காந்திபுரம் சர்வீஸ் | 11 செப்டம்பர், 10.51

மாப்ளே, அந்த லிங்க்கை மொதல்ல அழிங்க. வெலை என்னன்னு கம்பெனியே இன்னும் வாயத் தெறக்கல. அதுக்குள்ள எவன்டா 500 வாங்கறது? யாராச்சும் பணம் கட்டியிருந்தா உடனே பேங்க்குக்குப் போன் பண்ணுங்க.

அம்மிணி, உங்களுக்கு வரிசையாச் சொல்றேன். நான் காந்திபுரத்துல பதினாறு வருசமா போன் ரிப்பேர் பாக்கறவன்.

கடைக்காரர் கதை உடல. சதுர்த்திக்கு மொதநாள் ராத்திரியே கம்பெனி அறிக்கை குடுத்துட்டாங்க. கொஞ்சப் பேருகிட்ட போனைக் குடுத்து ஓட்டிப் பாத்துட்டு இருக்கறோம், இன்னும் சரி பண்ண வேண்டியது இருக்குது, தீவாளிக்குக் கொண்டாரோம்னு. கூடவே சிப்புத் தட்டுப்பாட்டையும் சொல்லியிருக்காங்க. அது ஒரு கம்பெனியோட பாடு இல்லீங்க. கொரோனாவுல உலகம் பூராவும் ஒட்டுக்கா லேப்டாப்பு, போன்னு வாங்க ஆரம்பிச்சாங்க, சிப்பு பண்ற பேக்டரி அதுக்குத் தக்கன பெருகல. காரு கம்பெனிக்காரங்களே சிப்பு இல்லாம லைனை நிறுத்தி வெச்சிருக்காங்க. அதுலயும் கம்மி விலைப் போன் பண்றவனுக்குத்தான் அடி எச்சு. சிப்பு நூறு ரூவா ஏறுனா அம்பதாயிரத்துப் போன்ல ஒண்ணும் தெரியாது, அஞ்சாயிரத்துப் போன்ல கணக்கே கவுந்துரும்.

ஆனா நீங்க கேக்க வேண்டிய கேள்வி அது இல்லை. தீவாளி நவம்பர் 4. இன்னைக்குச் செப்டம்பர் 11. எட்டு வாரம் புள்ளை மூணா எட்டான்னு பாத்துட்டு இருக்கோணுமா? காத்திருக்காதீங்க. தீவாளிக்கு வந்தாலும் மொத வாரமே உங்க கடைக்கு வருமுன்னு எவனும் எழுதிக் குடுக்க மாட்டான்.

அந்த 500-க்கு என்ன சீட்டுக் குடுத்தாரு? அதைச் சொல்லுங்க மொதல்ல.

அவிநாசி அம்மிணி | 12 செப்டம்பர், காத்தால 6.05

சீட்டுங்களா... நாள்காட்டித் தாளைக் கிழிச்சுப் பின்னாடி எழுதிக் குடுத்தாருங்க. "அக்கா 500" அம்புட்டுத்தான். கடைப் பேரும் இல்லை, சீலும் இல்லை. முன்பக்கம் அன்னைக்கு ராசிபலன் இருக்குது, எனக்கு "வரவு"ன்னு போட்டிருக்குது.

சோமனூர் தறிக்காரர் | 12 செப்டம்பர், 6.20

வரவு யாருக்குன்னு போடலையே!

காந்திபுரம் சர்வீஸ் | 12 செப்டம்பர், மத்தியானம் 1.15

அது புக்கிங்கே இல்லீங்க அம்மிணி. கம்பெனி புக்கிங் தெறக்காதப்ப கடைக்காரர் எதை வெச்சு எழுதுவாரு? அவரு ஏமாத்தறாருன்னு நான் சொல்லல. சின்னக் கடைக்காரங்க பாதிப் பேரு இப்புடித்தான், நாலு பேருகிட்ட 500 வாங்கிச் சரக்கு எடுப்பாங்க. சண்டைக்குப் போகாதீங்க. சாயங்காலம் கடை தெறந்து கல்லாவுல நாலு காசு உழுந்த பொறகு போங்க. போன் வரப்ப வாங்கிக்கறேன், இப்பப் புள்ளைக்கு அவசரம், 500-ஐக் குடுங்கன்னு கேளுங்க. தாளைக் கையில குடுத்துராதீங்க, அதை மொதல்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. ரொம்ப இழுத்தடிச்சா நுகர்வோர் உதவி எண் 1800-11-4000 இருக்குது. அந்த நம்பரைச் சொன்னாலே பாதி வேலை நடக்கும்.

அடுத்தது போன். 2,500-க்குப் புதுசு கிடைக்காது. செகண்ட்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி ஒறம்பரை வீட்டு பீரோவுல தேடுங்க. நெசமாத்தான் சொல்றேன். எங்கிட்ட வர்ற பத்துல நாலு போன் கண்ணாடி ஒடைஞ்சதுன்னு மூலையில போட்டு வெச்சதுதான். உள்ள எல்லாம் நல்லா இருக்கும். 4ஜி எடுக்கோணும், ரேம் 2 ஜிபியாச்சும் இருக்கோணும். பின்னாடி மூடி தூக்கிட்டு இருந்தா பேட்டரி உப்பியிருக்குதுன்னு அர்த்தம், அதைச் சார்ஜுல போட்டே பாக்க வேண்டாம்.

வெளியாளுகிட்ட வாங்கறதா இருந்தா *#06# அடிச்சுப் போனோட பதினஞ்சு இலக்க ஐஎம்இஐ அடையாள எண்ணை எடுங்க. எஸ்எம்எஸ்ல கேஒய்எம்னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒரு இடம் உட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு அனுப்புனா போனோட ஜாதகம் வரும். பெட்டியில இருக்கற மாடலும் அதுவும் ஒத்து வரோணும். அப்பறம் வித்தவர் முன்னாடியே ரீசெட் பண்ணிப் பாருங்க. பழைய ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டா அவரே போட்டு எடுத்துத் தரோணும். அது தெரியாம வாங்கிட்டு வந்து என்ர கடையில அழுத ஆளுக எத்தனையோ.

தாளவாடி டீச்சர் | 12 செப்டம்பர், ராத்திரி 8.30

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. போன் வரும் வரை ஒன்று செய்யலாம். உங்கள் டீச்சரிடம் நேரில் போய், ஒரு பக்கத்தை மொத்தமாக எடுக்காமல் ஒரு கணக்குக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சின்னத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியும். நாங்கள் கேட்டால்தான் செய்வோம். எந்தப் பிள்ளையிடம் என்ன போன் இருக்கிறது என்று எங்களுக்கே முழுதாகத் தெரியாது.

இங்கே மலையில் மீட் கிளாஸ் என்பதே நடக்காத காரியம். சிக்னல் இருக்கிற ஒரு பாறைக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகள் உட்காருவார்கள். அதனால் நான் சாதாரணக் கான்பரன்ஸ் காலில் ஐந்து ஐந்து பேராகக் கூப்பிட்டுப் பாடம் சொல்கிறேன். பட்டன் போனுக்கு அது போதும். கல்வி டிவியையும் விட்டுவிடாதீர்கள், அதே பாடம் யூடியூபிலும் இருக்கிறது. அப்பா வேலை முடிந்து வந்தபின் அவர் போனில் பார்க்கலாமே.

அவிநாசி அம்மிணி | 19 செப்டம்பர், ராத்திரி 9.10

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டீச்சரம்மா சொன்ன மாதிரியே கேட்டேன், இப்ப ஒவ்வொரு கணக்கா வருது.

கடைக்கு மூணு தடவை நடந்தேன். மொத தடவை நாளைக்கு வாங்கன்னாரு. ரண்டாவது தடவை டெம்பர் கிளாஸ், கவர்னு ஏதாச்சும் எடுத்துக்குங்கன்னாரு. போனே இல்லாம கவரை எதுக்குப் போடறதுன்னு கேட்டேன், அங்க நின்ன பையன் சிரிச்சுப்போட்டான். மூணாவது தடவை 300 ரொக்கமும், 199-க்கு ரீசார்ஜும் போட்டுக் குடுத்தாரு. ஒரு ரூவாய்க்கு மிட்டாய். செரி போகட்டுமுன்னு வந்துட்டேன்.

எங்க நங்கையா வீட்ல, பையன் மூணு வருசத்துக்கு முந்தி வாங்குன போன் துணி அலமாரில கெடந்துதுங்க. கண்ணாடி சிலந்திவலையாட்டம் ஒடைஞ்சிருக்குது, தொட்டா ஒரு பக்கம் வேலை செய்ய மாட்டீங்குது. 4ஜிதான், 3 ஜிபி ரேமாம். பின்னாடி மூடி சமமாத்தான் இருக்குது.

காந்திபுரம் சர்வீஸ் | 19 செப்டம்பர், 9.45

அதுதான் வேணும். அவிநாசிலயோ திருப்பூர்லயோ டிஸ்பிளே மாத்துங்க, இங்க வரைக்கும் அலைய வேண்டாம். ஒட்டறதுக்கு முன்னாடி புது டிஸ்பிளேயைச் சும்மா மாட்டிக் காட்டச் சொல்லுங்க. நாலு மூலையிலயும் வெரலை வெச்சு இழுத்துப் பாருங்க, கீபோர்டுல எல்லா எழுத்தையும் தட்டிப் பாருங்க. அப்பறம் ஒட்டச் சொல்லுங்க. சார்ஜர் பின்னுல பஞ்சு அடைஞ்சிருக்கும், அதையும் ஓசில தட்டி எடுத்துருவாங்க. பனியன் ஊருப் போன்ல அது இல்லாம இருக்காது.

சோமனூர் தறிக்காரர் | 30 அக்டோபர், காத்தால 7.30

ஜியோபோன் நெக்ஸ்ட்டுக்கு வெலை சொல்லிப்போட்டாங்க! 6,499. ஆனா 1,999 கட்டுனாப் போதுமாம், மீதி தவணை. சர்வீஸு, இது தேவலையா? நமக்கு வாரக்கூலி, ஆறாயிரத்தை ஒட்டுக்கா எங்க போய்ப் பெரட்டறது?

காந்திபுரம் சர்வீஸ் | 30 அக்டோபர், ராத்திரி 10.20

நேத்து வந்ததுமே ஒக்காந்து கணக்குப் போட்டுட்டேன் அண்ணா.

1,999-ஓட 501 பிராசஸிங் கட்டணம். ஆக மொதல்லயே 2,500 கை உட்டுப் போகும். அப்பறம் 18 மாசம் இல்லாட்டி 24 மாசம். 24 மாசத்துல இருக்கறதுலயே கம்மி மாசம் 300, போன் தவணையும் ரீசார்ஜும் சேத்து. அதுல நெட்டு மாசம் பூராவுக்கும் 5 ஜிபி, பேச்சு 100 நிமிசம். புள்ளைக கிளாஸ் பாக்கற வீட்டுக்கு அது பத்து நாளைக்குக் காணாது. நாளைக்கு 1.5 ஜிபி வேணுமுன்னா மாசம் 450. 24 மாசத்துக்கு 10,800, முன்னாடி கட்டுன 2,500-ஐச் சேத்தா 13,300.

ரொக்கமா 6,499 கட்டிப்போட்டு, அதே 1.5 ஜிபிக்கு 84 நாள் 555 ரீசார்ஜ் ரண்டு வருசத்துக்கு ஒம்பது தடவை போட்டா 4,995. மொத்தம் 11,494. ரண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் 1,806. வெலை ஏறாட்டித்தான் இந்தக் கணக்கு.

அநியாயமுன்னு நான் சொல்ல மாட்டேன். கையில ஒட்டுக்காப் பணம் இல்லாதவனுக்கு அந்த 1,806-தான் வட்டி. நம்ம ஊர்ல வாரவட்டிக்காரன்கிட்ட ஆறாயிரம் வாங்கிப் பாருங்க, இது எத்தனையோ மேல். ஆனா 1,999-க்குப் போன்னு மட்டும் நெனைச்சுப்போட்டு யாரும் போக வேண்டாம்.

இன்னொண்ணு. ரண்டு சிம்மு போடலாம், ஆனா நெட்டு ஜியோ சிம்முல மட்டுந்தான் ஓடும், இன்னொண்ணு பேசறதுக்கு. உங்க தறிக்குடோன்ல எந்த டவர் எடுக்குதுன்னு மொதல்ல பாத்துக்குங்க. சிம் கம்பெனி குடுக்கற போன்னாலே கயிறு ஒண்ணு கட்டித்தான் வரும். 2003-ல ரிலையன்ஸ்ல 501 ரூவாய்க்குப் போன் குடுத்தாங்களே, எங்கப்பா வாங்குனாரு. சிம்மே போட முடியாத சிடிஎம்ஏ போன். வேற கம்பெனிக்கு மாறலாமுன்னா போனையே மாத்தோணும். அது அந்தக் காலத்து முறை, அதுக்குத்தான் அந்த வெலைக்குக் குடுத்தாங்க. எங்கப்பா அதை வெச்சுத்தான் மஞ்ச வெலை கேட்டாரு, ஈரோட்டுக்குப் பஸ் ஏறாம.

சோமனூர் தறிக்காரர் | 30 அக்டோபர், 10.41

குடோன்ல எந்த டவருமே எடுக்காதே. தறிச் சத்தத்துல எடுத்தாலும் கேக்காது. பொங்கல் கழியட்டும், பாத்துக்கலாம்.

அவிநாசி அம்மிணி | 7 நவம்பர், மத்தியானம் 3.15

நோம்பி நல்லாப் போச்சுங்களா எல்லாருக்கும்?

டிஸ்பிளேக்கு 1,450 ஆச்சுங்க. நீங்க சொன்ன மாதிரி மாட்டிப் பாத்ததுல மொத டிஸ்பிளேல "ப" எழுத்து வேலை செய்யல, வேற போடச் சொன்னேன். பின்னுல இருந்து எடுத்த பஞ்சுல ஒரு விளக்குத்திரி திரிக்கலாம். ஸ்கூலு ஒண்ணாம் தேதி தெறந்துட்டாங்க, இவ போறா. ஆனாலும் வீட்டுப்பாடம் இன்னும் வாட்ஸ்அப்புலதான்.

அந்தக் கடைக்காரர் நேத்து என்னையப் பாத்துக் கூப்புட்டாரு. போன் வந்திருச்சுங்கக்கா, உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கறேன்னு. இல்லீங்க தம்பின்னு சொல்லிப்போட்டு, கவர் மட்டும் ஒண்ணு வாங்குனேன், 80 ரூவா.

ஒரு சந்தேகம். சார்ஜுல போட்டா போன் பின்னாடி நல்லாச் சுடுதுங்க. பேட்டரி கோளாறுங்களா?

காந்திபுரம் சர்வீஸ் | 7 நவம்பர், 4.02

அந்த 80 ரூவா கவரைக் கழட்டிப்போட்டுச் சார்ஜ் போடுங்க அம்மிணி. அப்பவும் சுட்டா சார்ஜரை மாத்திப் பாருங்க. மெத்தை மேல வெச்சுப் போடாதீங்க.