சாரதி இல்லாமல் பெக்கோவை மாத வாடகைக்கு விடலாமா?

தென்மராட்சியான்
கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய காசோடு லீசிங்கும் போட்டு வாங்கிய, மண் தோண்டும் பழைய பெக்கோ இயந்திரம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. இதுவரை சாவகச்சேரி, மீசாலைப் பக்கம் அத்திவாரம் வெட்டவும் மலக்குழி தோண்டவும் எங்கள் சாரதியோடுதான் போய்வந்தது. இப்போது ஓர் ஒப்பந்தகாரர் மாத வாடகைக்குக் கேட்கிறார். இயந்திரம் மட்டும் போதுமாம், சாரதி அவரிடம் இருக்கிறாராம். ஒரு மாத முற்பணம் கையில், மீதிக்குப் பிந்திய திகதியிட்ட காசோலைகள். ஊரில் அவரைப் பற்றி நல்லதாகவும் சொல்கிறார்கள், கெட்டதாகவும் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பெக்கோ முதலாளி
கொடுக்காதீர்கள், தம்பி.

மாத வாடகை என்றால் எத்தனை மணித்தியாலம் என்று யார் கணக்கு வைப்பது? மீற்றர் வயரைக் கழற்றிவிட்டு இரவிரவாக ஓட்டினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? தினமும் காலையில் மூட்டுகளில் உள்ள பின்களுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். சில நிமிட வேலைதான். ஆனால் இன்னொருவர் இயந்திரத்துக்கு அதைச் செய்கிற கூலிச் சாரதியை நான் கண்டதில்லை. புஷ் தேயும், வாளி ஆடத் தொடங்கும், செலவு உங்கள் தலையில்.

வலிகாமத்தில் வேலை என்றால் இன்னும் மோசம். செம்மண் கொஞ்சம்தான், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். பிறேக்கர் பூட்டி உடைக்க வேண்டிய இடத்தில் வாளிப் பல்லைக் கொடுத்து நெம்புவார்கள். பல் போனால் மாற்றலாம். வாளியைத் தாங்கும் இயந்திரக் கை வெடித்தால்? எனக்குத் தெரிந்த ஒருவரின் இயந்திரம் வாடகை முடிந்து திரும்பியபோது, கையில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் மஞ்சள் பெயின்ற் புதிதாகப் பளபளத்தது. கத்தியால் சுரண்டினார். உள்ளே அவசர வெல்டிங்.

கோப்பாய்க் கொந்தராத்து
முதலாளி அண்ணை, கொந்தராத்துக்காரர் எல்லோரும் கள்ளர் என்று எழுதிவிட்டீர்கள். மறுபக்கத்தையும் எழுதுகிறேன். நாளைக்குக் கொங்கிரீட் என்றிருக்கும்போது, வேறெங்கோ மணித்தியாலத்துக்குக் கூடக் கிடைக்கிறது என்று இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போன முதலாளிகளை நானும் கண்டிருக்கிறேன். கைத்தொலைபேசி அன்று முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனதே, அந்த நாட்களில் தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சி விற்றவர்கள் யார்? முதலாளிமார் அனுப்பிய அதே நம்பிக்கையான சாரதிகள்தான்.

காசோலைக் கதையும் அப்படித்தான். வீதி வேலையை முடித்து, அளவெடுத்து, பில் கொடுத்து, கொடுப்பனவு கைக்கு வர மாதக்கணக்காகும். காசோலை திரும்பியவன் எல்லாம் மோசடிக்காரன் இல்லை.

பெக்கோ முதலாளி
அரசாங்கம் உங்களுக்குக் காசு தராவிட்டால், அதற்கு என் இயந்திரம் ஏன் வட்டியில்லாமல் உழைக்க வேண்டும்? லீசிங் கம்பனி என் தவணையை ஒத்திவைக்கிறதா?

மானிப்பாய் மெக்கானிக்
இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள், நான் என் பாட்டைச் சொல்கிறேன். பல கம்பனிகளின் இயந்திரங்களுக்கு ஒரே மாதிரித் திறப்புத்தான். உங்களிடம் இருக்கும் திறப்பு பக்கத்து ஊர்க்காரரின் இயந்திரத்தையும் இயக்கும், அவருடையது உங்களுடையதை. ஆகவே ‘திறப்பு என் கையில்’ என்று நிம்மதியாக இருக்க முடியாது. மறைவான சுவிச் ஒன்றும் ஜிபிஎஸ் ஒன்றும் பூட்டுங்கள். கொடுக்குமுன் எஞ்சின் இலக்கம், ஹைட்ரோலிக் பம்ப் இலக்கம், டயர், பற்றரி எல்லாவற்றையும் படம் எடுங்கள். முழு இயந்திரத்தையும் யாரும் விழுங்க மாட்டார்கள், நல்ல பம்பைக் கழற்றிவிட்டுத் தேய்ந்ததைப் பூட்டுவதுதான் நடக்கும்.

சட்டம் படித்தவள்
ஜிபிஎஸ் இயந்திரம் எங்கே நிற்கிறது என்று சொல்லும். அங்கே நிற்க அனுமதி இருக்கிறதா என்று சொல்லாது. உங்கள் பேச்சில் இந்த ஆபத்து வரவே இல்லை.

வடமராட்சி கிழக்கில் மணல் எடுக்கவும் கிரவல் அகழவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனியங்கள் சட்டம் அது. அனுமதி இல்லாத இடத்தில் பிடிபட்டால் சாரதியோடு இயந்திரமும் பொலிஸ் நிலையம் போகும், வழக்கு முடியும்வரை வெயிலிலும் மழையிலும் கிடக்கும். காட்டு நிலம் என்றால் வனக் கட்டளைச் சட்டம் இன்னும் கடுமை. குற்றம் நிரூபிக்கப்பட்டால் அதற்குப் பயன்பட்ட வாகனத்தையும் இயந்திரத்தையும் நீதவான் பறிமுதல் செய்வார். குற்றத்தில் பங்கில்லாத உரிமையாளர் மீட்க வேண்டுமானால், அப்படிப் பயன்படாமல் தடுக்க எல்லா முன்னெச்சரிக்கைகளையும் தான் எடுத்ததாக நிரூபிக்க வேண்டும். உரிமையாளரை விசாரிக்காமல் பறிக்கக் கூடாது என்று 1987 இல் மனவடு என்பவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் விசாரிக்கும்போது கையில் என்ன வைத்திருப்பீர்கள்? சாரதியும் அவருடையவர், எழுத்தும் இல்லை, எங்கே வேலை என்றும் தெரியாது. எந்த முன்னெச்சரிக்கையைக் காட்டுவீர்கள்?

காசோலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்படி குற்றம். அந்தத் ‘தெரிந்துகொண்டே’ என்பதை நிரூபிக்க வேண்டும். ஆறு மாதம் தள்ளித் திகதியிட்ட காசோலையில் அது எளிதல்ல. முற்பணத்தைக் கூட்டிக் கேளுங்கள்.

லீசிங் ஒப்பந்தத்தையும் எடுத்துப் படியுங்கள், தம்பி. கம்பனியின் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது என்று பெரும்பாலும் இருக்கும்.

கோப்பாய்க் கொந்தராத்து
தங்கச்சி சொல்வதை ஏற்கிறேன். நானே எடுப்பதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: சாரதி உங்களுடையவர், சாப்பாடும் தங்குமிடமும் என் பொறுப்பு. டீசல் நான் அடிப்பேன். மணித்தியாலக் கணக்கில் இரண்டு பேரும் அன்றன்றே கையெழுத்து. பதினைந்து நாளுக்கொருமுறை கொடுப்பனவு. இதற்கும் சம்மதிக்காத முதலாளி இருந்தால் அவரை என்னவென்று சொல்வது?

பெக்கோ முதலாளி
இயந்திரம் பழுதானால், நின்ற நாட்களுக்கு வாடகை உண்டா இல்லையா? அதை விட்டுவிட்டீர்களே!

கோப்பாய்க் கொந்தராத்து
தேய்மானத்தால் நின்றால் வாடகை இல்லை. எங்கள் ஆட்கள் சொல்லிக் கல்லில் நெம்பி உடைந்தால் நான் கட்டுவேன்.

பெக்கோ முதலாளி
எது தேய்மானம், எது நெம்பல் என்று யார் தீர்ப்புச் சொல்வது? கடைசியில் இணக்க சபைக்குத்தான் போக வேண்டும்.

தென்மராட்சியான்
அவரோடு பேசினேன். எங்கள் சாரதி வருவதற்குச் சம்மதம். ஆனால் எந்த இடத்தில் வேலை என்று எழுதித்தர மறுக்கிறார். ‘வேலை மாறும் தம்பி, எழுத முடியாது’ என்கிறார்.

பெக்கோ முதலாளி
இதற்குமேல் என்ன வேண்டும் உங்களுக்கு?

கோப்பாய்க் கொந்தராத்து
அவசரப்படாதீர்கள். துணை ஒப்பந்தம் எடுப்பவனுக்கு அடுத்த கிழமை எந்த வீதி என்று உண்மையாகவே தெரியாது. இடத்துக்குப் பதிலாக, இடம் மாறுமுன் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

சட்டம் படித்தவள்
அறிவித்தால் போதாது. ஒவ்வோர் இடத்துக்கும் உங்கள் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். மண், மணல், கிரவல் எடுக்கும் வேலை என்றால் அனுமதிப்பத்திரத்தின் பிரதி கைக்கு வந்த பிறகே சாரதி ஏறலாம் என்று சேருங்கள். அந்த வரியை அவர் வெட்டச் சொன்னால் இயந்திரம் உங்கள் வளவிலேயே நிற்கட்டும்.

தென்மராட்சியான்
சரி, அப்படியே எழுதிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை முதலில் லீசிங் கம்பனிக்குப் போகிறேன். அவர்கள் மறுத்தால் ஒப்பந்தகாரரிடம் பேசவே வேண்டியதில்லை. அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை.