ஸ்கோர் மேசைக்கு இந்தப் பக்கம்: தகுதிச் சுற்றில் நான் சந்தித்தவர்கள்

கோல்ஃப் தகுதிச் சுற்று அனுபவத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆடியவர்கள், இல்லாவிட்டால் அவர்களுக்குப் பை சுமந்த கேடிகள். நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. ஆட்டம் முடிந்து வருகிறவர்களிடம் ஸ்கோர் அட்டையை வாங்கிச் சரிபார்க்கும் மேசையில் தன்னார்வலராக உட்காருகிறவன். 18-ஆவது க்ரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) பின்னால் ஒரு கூடாரம், சுற்றிலும் கயிறு, ஒரு மேசை, நாலைந்து நாற்காலிகள், சீவி வைத்த பென்சில்கள். அங்கிருந்து ஒரு நல்ல ஷாட்டைக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் ஆட வந்தவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் மைதானத்தில் கிடையாது என்பது என் கட்சி.

நான் உட்கார்ந்தவை பெரும்பாலும் ஒரே நாளில் 18 குழிகளையும் ஆடி முடிக்கும் சுற்றுகள். அங்கிருந்து பெரிய போட்டிக்குள் போக நாலு இடம் இருந்தால் பெரிது. தொழில்முறை ஆட்டக்காரனாகத் துடிப்பவனுக்கு வேறு வாசல்களும் உண்டு. அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் இடம்பிடிப்பதற்கான தேர்வுப் போட்டி, கியூ ஸ்கூல், 1965-இல் தொடங்கியது. 2013-லிருந்து பத்து ஆண்டு காலம் அது அடுத்த நிலை டூருக்கு மட்டுமே வழிவிட்டது. 2023-இல்தான் மறுபடி நேரடியாக டூர் அட்டை, அதாவது டூரில் ஆடும் உரிமை, கொடுக்கத் தொடங்கியது. ஐரோப்பாவின் கியூ ஸ்கூல் இறுதிக் கட்டமோ 6 சுற்று, 108 குழி. அங்கெல்லாம் ஒரு நாள் சொதப்பினாலும் மறுநாள் ஈடுகட்டலாம். ஒருநாள் சுற்றில் மறுநாள் என்ற பேச்சே இல்லை. முதல் ஒன்பதில் இரண்டு போகி (குழிக்கு வகுத்த எண்ணிக்கையான பாரைவிட ஒரு ஷாட் கூடுதல்) விழுந்தால் போதும், நடையே மாறிவிடும்.

கூட்டத்துக்கும் குறைவில்லை. 2025 யு.எஸ். ஓபன் கோல்ஃபுக்கு விண்ணப்பித்தவர்கள் 10,202 பேர். போட்டியில் இடம் 156 பேருக்கு. விண்ணப்பத்தை அமைப்பாளர்கள் கறாராகப் பார்ப்பதும் காரணமில்லாமல் அல்ல. 1976-இல் மாரிஸ் ஃப்ளிட்கிராஃப்ட் என்ற கிரேன் ஓட்டுநர் தன்னைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று எழுதிக்கொடுத்து, பிரிட்டிஷ் ஓபன் தகுதிச் சுற்றுக்குள் நுழைந்து 121 அடித்தார். கோல்ஃபில் குறைந்த எண்தான் நல்ல எண். எல்லோரும் அவரை நினைத்துச் சிரிக்கிறார்கள். எனக்கு அவருடைய அட்டையை எழுதிய மனிதர்தான் கண்ணில் நிற்கிறார்.

ஆம், அட்டையை எழுதுவது வேறொருவர். முதல் டீயிலேயே, அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்திலேயே, அட்டைகளை மாற்றிக்கொள்வார்கள். உங்கள் ஸ்கோரை உடன் ஆடுபவர் எழுதுவார். அவர்தான் உங்கள் மார்க்கர். ஆட்டம் முடிந்ததும் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் எழுதிய எண்ணுக்கு ஆட்டக்காரர் பொறுப்பு, கூட்டலுக்கு நாங்கள் பொறுப்பு. ஒரு குழியில் எடுத்ததைவிடக் குறைவான எண் இருந்து, அதில் கையெழுத்தும் விழுந்துவிட்டால் ஆள் போட்டியிலேயே இல்லை. கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதலே நிற்கும். கயிற்றைத் தாண்டி வெளியே கால் வைத்த பிறகு பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது.

1968 மாஸ்டர்ஸில் ராபர்ட்டோ டி விசென்ஸோ, ஒரு ஷாட் கூடுதலாக எழுதப்பட்ட அட்டையில் கையெழுத்திட்டுப் பட்ட வாய்ப்பை இழந்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது 1999 கியூ ஸ்கூல் இறுதிக் கட்டம். ஜாக்ஸன் பிரிக்மன் கடைசி நாளில் 65 அடித்திருந்தார். அவருடைய பேர்டி (பாரைவிட ஒரு ஷாட் குறைவு) ஒன்று அட்டையில் பார் என்று இருந்தது, கவனிக்காமல் கையெழுத்திட்டார். 66 ஆயிற்று. டூர் அட்டை ஒரே ஷாட்டில் கைநழுவியது. விசென்ஸோவாவது 1967-இலேயே பிரிட்டிஷ் ஓபனை வென்றவர்.

இதையெல்லாம் அறிந்தும், 78, 79 அடித்து வாய்ப்பிழந்தவர்கள் அட்டையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கிறுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். தங்கள் அட்டையை எப்படியோ போகட்டுமென்று விடலாம். அடுத்தவனுக்கு மார்க்கராகப் போடும் கையெழுத்தையும் அதே வேகத்தில் போடுவதுதான் எனக்குப் பொறுக்காது.

அப்படித்தான் ஒரு சாயங்காலம் கடைசிக்குச் சற்று முன்னால் இருவர் வந்தார்கள். மூன்றாமவர் பாதி ஆட்டத்திலேயே விலகிவிட்டிருந்தார். மூத்தவர் 81. உட்காரக்கூட இல்லை. இரண்டு அட்டையிலும் கையெழுத்தைப் போட்டு, “எல்லாம் சரிதான்” என்று சொல்லிப் போய்விட்டார். மற்றவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். உட்கார்ந்தான். பின்பாக்கெட்டிலிருந்து தூரக்கணக்குப் புத்தகத்தை எடுத்தான். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தன் ஸ்கோரைத் தானே குறித்து வைத்திருந்தான். இடது ஆள்காட்டி விரல் அட்டையில், வலது விரல் புத்தகத்தில். இரண்டும் குழி குழியாக நகர்ந்தன. ஏழாவதில் நின்றன. மறுபடி ஒன்றிலிருந்து வந்தான். மறுபடியும் ஏழிலேயே நின்றான்.

“சார், ஏழாவதில் நான் எடுத்தது நாலு. இதில் ஐந்து என்று இருக்கிறது.”

“மார்க்கர் ஒப்புக்கொண்டால் திருத்தலாம், தம்பி.”

“அவர் போய்விட்டார். நான் கயிற்றுக்குள் இருக்கும்வரை அட்டையைக் கொடுத்ததாக ஆகாது, அல்லவா?”

விதியைப் படித்துவிட்டு வந்திருக்கிறான் என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது, நாங்கள் நடுநிலை. வாக்கி-டாக்கியில் சொல்லி, வாகன நிறுத்தத்துக்கு ஒரு பையனை ஓடச் சொன்னோம். மார்க்கர் பையை டிக்கியில் வைத்துவிட்டு ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். கடுகடுவென்ற முகத்தோடு ரப்பர் செருப்பில் வந்தார்.

பையன் குரலை உயர்த்தவில்லை. “அண்ணா, ஏழாவதில் என் டிரைவ் இடப்பக்கம் பங்கரில் விழுந்தது. இரண்டாவது க்ரீனுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து சிப் செய்தேன், நீங்கள்கூட நன்றாக இருந்தது என்றீர்கள். பிறகு ஒரே புட்.” அவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மற்ற விரல்களை எண்ணினார். நாலாவது விரலில் முகம் மாறியது. தன்னுடைய ஐந்தை மேல் வரிசையிலும் இவனுடைய நாலைக் கீழ் வரிசையிலும் எழுதியிருக்கிறார். திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். “மன்னித்துக்கொள் தம்பி” என்று சொல்லிவிட்டு, இந்த முறை மீதி 17 குழிகளையும் அவனோடு உட்கார்ந்து படித்தார்.

69 என்பது 68 ஆயிற்று. அன்றைக்குத் தகுதிக் கோடு விழுந்தது 68-இல்தான்: நாலு பேர், மிச்சம் ஒரு இடம், அதற்காகக் கூடுதல் குழிகளில் ப்ளே-ஆஃப். வெளிச்சம் மங்கிவரும் நேரத்தில், பார்க்க ஆளில்லாத க்ரீனில் நடக்கும் இந்த மோதலை ஆட்டக்காரர்கள் யாரும் இளக்காரமாக நினைப்பதில்லை. 2019-இல் கோரி கானர்ஸ் டெக்சஸ் ஓபனுக்காக அந்த வாரமே நடந்த திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றில் 6 பேர் மோதிய ஒரே இடத்தைப் பிடித்து உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமை கோப்பையையே வாங்கினார். 2010-இல் அர்ஜுன் அட்வால் விண்டம் சாம்பியன்ஷிப்பை வென்று, பிஜிஏ டூரில் பட்டம் பெற்ற முதல் இந்தியரானதும் திங்கட்கிழமைச் சுற்றில் தேறித்தான்.

நம் பையனுக்கு அது வாய்க்கவில்லை. கூடுதல் குழி முதலாவதில் இருவர் கழன்றார்கள். இரண்டாவதில் எதிராளி நீண்ட புட் ஒன்றைப் போட்டுவிட்டான். கடைசியாகத் தோற்றவன் என்பதால் இவன் முதல் மாற்று ஆட்டக்காரன். மேசைக்கு வந்து, எதுவரை காத்திருக்க வேண்டும் என்று கேட்டான். போட்டியின் முதல் நாள் கடைசிக் குழு டீயிலிருந்து கிளம்பும் வரை, மைதானத்திலேயே, கூப்பிட்டால் உடனே ஆடத் தயாராக என்றார் அதிகாரி. அப்படியே காத்திருந்தானாம். ஒருவரும் விலகவில்லை.

மேசையில் வேறு பலரையும் பார்த்திருக்கிறேன். மகனுக்குக் கேடியாக வந்து, கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு எங்கள் பென்சில் அசைவதையே பார்க்கும் அப்பாக்கள் உண்டு. நாற்பதைத் தாண்டிய பழைய கைகள் அட்டையை நீட்டும்போதே “எண் என்ன வரும்?” என்று கேட்பார்கள். நாங்கள் ஊகம் சொல்லக் கூடாது. அவர்களுக்கும் அது தெரியும், கேட்காமலும் இருக்க மாட்டார்கள். ஜே.பி. ஹேய்ஸ் போன்ற ஒருவரைப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் எனக்குக் கிட்டவில்லை. 2008 கியூ ஸ்கூலின் இரண்டாம் கட்டத்தில், தான் ஆடிய பந்து ஒன்று அங்கீகரிக்கப்படாத மாதிரி என்று பிறகு தெரியவந்ததும், தானே அதிகாரிகளிடம் சொல்லித் தகுதியிழந்தவர் அவர். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்தப் பையன் அடுத்த பருவத்தில் மறுபடி வந்தான். அதே இரண்டு விரல்கள், அதே புத்தகம். அன்றைய கோடு 67 என்று பலகையிலேயே தெரிந்துவிட்டிருந்தது; அவன் 73. அப்படியும் 18 குழிகளையும் படித்து முடித்த பிறகே கையெழுத்திட்டான். இந்தத் தடவை பிழை எதுவும் இல்லை. “73, சரியா தம்பி?” என்றேன். “சரி சார், 73-தான்” என்று சொல்லிவிட்டு, தான் மார்க்கராக எழுதிய அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு உரியவர் வந்து உட்காரும் வரை இருந்தான்.