கிகேட்டில் இசியூ போர்டு: ஃபேபுக்கு (போர்டு தயாரிப்பாளருக்கு) அனுப்பும் முன் சில சந்தேகங்கள்

பற்சக்கரம் (கேள்வி):
4 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போர்டு வரைந்துகொண்டிருக்கிறேன். வரையும் மென்பொருள் கிகேட், மைக்ரோகண்ட்ரோலர் சிப் எஸ்டிஎம்32எஃப்407, அதில் ஓடும் ஃபர்ம்வேர் ருஸ்இஎஃப்ஐ. இஞ்செக்டர்கள் (பெட்ரோல் தெளிக்கும் வால்வுகள்) 12 ஓம். தீப்பொறிக் காயில்களுக்குள்ளேயே இக்னைட்டர் (காயிலை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) இருப்பதால் 5 வோல்ட் சிக்னல் போதும். கிராங்க் சென்சார் விஆர் (காந்தச் சுருள்) வகை, 36-1 பல் சக்கரம் (36 பல்லுக்கான இடத்தில் ஒன்று இல்லை). இஆர்சி (சர்க்யூட் வரைபடச் சோதனை) சுத்தமாக ஓடுகிறது. இப்போதைய நிலை:

- 12 வோல்ட் நுழைவில் ஷாட்கி டயோடு, எஸ்எம்பிஜே18ஏ டிவிஎஸ் (மின்னழுத்தப் பாய்ச்சலை அடக்கும் டயோடு), 5 வோல்ட் ரெகுலேட்டர் 7805.
- இஞ்செக்டருக்கு ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் (மின் சுவிட்ச்), அதன் கேட்டில் 100 கிலோ ஓம் புல்-டவுன் (கிரவுண்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்), இஞ்செக்டருக்குக் குறுக்கே 1என்4007 டயோடு. முதல் இரண்டு இஞ்செக்டர்கள் பிஏ15, பிபி4 பின்களில்.
- 2 லேயர். பவர் கிரவுண்ட், சென்சார் கிரவுண்ட் தனித்தனிக் காப்பர், ஒரே இடத்தில் இணைப்பு.

எதை மாற்ற வேண்டும்?

மின்தேக்கி:
பவர் பகுதியை முழுதாக மாற்றுங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி 6 வோல்ட் வரை இறங்கும். ஷாட்கி 0.4 வோல்ட் தின்னும், 7805-க்கு மேலே 2 வோல்ட் வேண்டும். மிஞ்சுவது 3.6 வோல்ட்தான். ஒவ்வொரு கிராங்கிலும் ரீசெட் ஆகும்; எஞ்சின் பிடிக்காததற்கு ட்யூனிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஷாட்கிக்குப் பதில் பி-சேனல் மாஸ்ஃபெட், 7805-க்குப் பதில் வாகனத் தர எல்டிஓ (குறைந்த வித்தியாசத்திலேயே வேலை செய்யும் ரெகுலேட்டர்).

டிவிஎஸ்ஸும் தவறு. எஸ்எம்பிஜே18ஏ 20 முதல் 22 வோல்ட்டுக்குள் கடத்தத் தொடங்கிவிடும். யாராவது 24 வோல்ட்டில் ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்தால் அது தொடர்ந்து கடத்திக் கருகிப்போகும். எஸ்எம்சிஜே24ஏ போடுங்கள், அதன் கிளாம்ப் உச்சம் 38.9 வோல்ட் என்பதால் அதற்குப் பின்னால் வரும் ரெகுலேட்டர் குறைந்தது 40 வோல்ட் தாங்க வேண்டும். ஆல்டர்னேட்டர் லோட் டம்ப் (ஓடும்போது பேட்டரி கழன்றால் எழும் அதிக மின்னழுத்தம்) நூற்றுக்கணக்கான மில்லி செகண்ட் நீளலாம். ஆகவே டிவிஎஸ்ஸை மட்டும் நம்பாமல் ஃபியூஸை முன்னால் வையுங்கள்.

ரீசெட்பின்:
எனக்குப் பயமாக இருப்பது பிஏ15-ம் பிபி4-ம்தான். இரண்டும் ஜேடேக் (சிப்பைப் பிழைதிருத்தும் இணைப்பு) பின்கள். ரீசெட்டில் இருந்து எழும் நொடியிலேயே சிப்புக்குள் சுமார் 40 கிலோ ஓம் புல்-அப் அவற்றை மேலே இழுக்கும். உங்கள் 100 கிலோவோடு கணக்குப் போட்டால் கேட்டில் 3.3 × 100 ÷ 140, ஏறக்குறைய 2.4 வோல்ட். ஐஆர்எல்இசட்44என்னின் த்ரெஷோல்டு (கடத்தத் தொடங்கும் கேட் மின்னழுத்தம்) 1 முதல் 2 வோல்ட். ஃபர்ம்வேர் ஓடத் தொடங்கும் முன்பே இரண்டு சிலிண்டர்களில் பெட்ரோல் கொட்டும். சிப் காலியாக இருந்தாலோ ஃப்ளாஷ் பாதியில் நின்றாலோ நிற்காமல் கொட்டும்.

புல்-டவுனை 10 கிலோவாக்கினால் 0.66 வோல்ட்டுக்கு இறங்கும். அதோடு பின்னையும் மாற்றுங்கள், இரண்டும் செய்ய வேண்டியவை. பூட்லோடரும் (ஃபர்ம்வேரை ஏற்ற சிப்பிலேயே இருக்கும் நிரல்) சில பின்களை யூஎஸ்ஏஆர்டி, கேன் தொடர்பு வேலைக்கு எடுத்துக்கொள்ளும்: பிபி5, பிபி10, பிபி11, பிபி13, பிசி10, பிசி11. இஞ்செக்டரோ காயிலோ இவற்றில் வேண்டாம். காயில் விஷயத்தில் இது இன்னும் மோசம்: 3 மில்லி செகண்ட் அளவுக்குச் சார்ஜ் ஆக வேண்டிய காயில், ஃப்ளாஷ் முடியும்வரை சூடாகிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, ஐஆர்எல்இசட்44என்னின் ரெசிஸ்டன்ஸ் 4 வோல்ட் கேட்டில் இருந்துதான் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. 3.3 வோல்ட்டில் நேரடியாக ஓட்டாதீர்கள். நடுவே 5 வோல்ட்டில் ஓடும் ஒரு 74எச்சிடி பஃபர் (சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் சிப்) போடலாம். அதே 5 வோல்ட் காயில் சிக்னலுக்கும் கிடைக்கும். பஃபரின் உள்ளீட்டிலும் புல்-டவுன் மறக்காதீர்கள், இல்லையென்றால் சிக்னல் நிலையில்லாமல் மிதக்கும் பிரச்சினை அங்கே போய்விடும்.

1என்4007-ஐக் கழற்றிவிடுங்கள். அது கரண்ட்டை இஞ்செக்டருக்குள்ளேயே சுற்றவிடுவதால் ஊசி மெதுவாக மூடும். ஐடிலில் சிறு பல்ஸ்கள் கட்டுக்குள் நிற்காது. 40 வோல்ட் அளவில் தானே கிளாம்ப் ஆகும் லோ-சைட் டிரைவர் (கிரவுண்ட் பக்கம் இணைக்கும் சுவிட்ச் சிப்) நல்லது. விஎன்எல்டி5090 ஒரு எஸ்ஓ-8 உறையில் இரண்டு சேனல் தரும்.

தரைத்தளம்:
4 லேயருக்குப் போங்கள். இரண்டாவது லேயர் முழுக்க கிரவுண்ட், வெட்டே கூடாது. பிரித்த கிரவுண்ட் காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். அந்த இடைவெளியைத் தாண்டி ஒரு கிராங்க் சிக்னல் ட்ரேஸ் போனால், அதன் ரிட்டர்ன் கரண்ட் சுற்றிவளைத்து வர வேண்டும். அந்த வளையம் ஆன்டெனாவாகிவிடும். பிரிப்பதை இடவமைப்பில் செய்யுங்கள். டிரைவர்களும் பவர் கிரவுண்ட் பின்களும் கனெக்டர் ஓரமாக, அனலாக் எதிர்முனையில்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால்: 1 அவுன்ஸ் காப்பரில் 1 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளமுள்ள ட்ரேஸ் ஏறக்குறைய 50 மில்லி ஓம். அதில் 4 ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட். எம்பிஎக்ஸ்4250 மேப் (இன்டேக் அழுத்த) சென்சார் ஒரு கிலோ பாஸ்கலுக்கு 20 மில்லி வோல்ட் தருவது. அதன் கிரவுண்ட் அந்த ட்ரேஸைப் பகிர்ந்தால் ரீடிங் 10 கிலோ பாஸ்கல் தள்ளிப்போகும், அதுவும் இஞ்செக்டர் திறக்கும்போது மட்டும். சென்சார் கிரவுண்ட் வயர்கள் போர்டுக்கே திரும்பி வர வேண்டும். எஞ்சின் பிளாக்கில் கட்டக் கூடாது.

விஆர் சென்சாரின் சிக்னலைச் சீராக்க மேக்ஸ்9924 சிப். இரு வயரிலும் 10 கிலோ ஓம் சீரீஸ், நடுவே 1 நானோ ஃபாரட். கட்-ஆஃப் (அதற்கு மேல் சிக்னல் அடங்கும் அதிர்வெண்) சுமார் 8 கிலோ ஹெர்ட்ஸ். 6000 ஆர்பிஎம்மில் உங்கள் சக்கரம் தருவது 3.6 கிலோ ஹெர்ட்ஸ், அதனால் தாராளம். பாகப் பட்டியலில் கைதவறி 10 நானோ ஆனால் கட்-ஆஃப் 800 ஹெர்ட்ஸுக்கு விழும், விடுபட்ட பல்லின் இடைவெளி மங்கி, வேகம் ஏறியதும் சிங்க் (எஞ்சின் நிலையோடு பொருத்தம்) போகும். வயர்கள் மாறினாலும் ஏறக்குறைய இதே நோய்தான்: எஞ்சின் ஓடும், ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நகரும். ஷீல்டு இசியூ முனையில் மட்டும் கிரவுண்ட்.

ஈயப்பற்று:
இஆர்சி சுத்தமாக ஓடுவதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். இணைக்காமல் விட்ட பின், ஒன்றோடொன்று மோதும் அவுட்புட்கள் போன்ற வரைபடத் தவறுகளை மட்டுமே அது பார்க்கும். உண்மையான பாகம் எப்படி என்று அதற்குத் தெரியாது. எஸ்ஓடி-23 மாஸ்ஃபெட்டில் வழக்கமாக கேட், சோர்ஸ், டிரெயின். டிபேக்கிலும் டிஓ-220-யிலும் கேட், டிரெயின், சோர்ஸ். ஒவ்வொன்றையும் டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள்.

கனெக்டரை 1:1 அளவில் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துப் பாகத்தைச் செருகிப் பாருங்கள். வயரிங் வரைபடம் வயர் பக்கத்தில் இருந்து வரைந்ததா, செருகும் முகத்தில் இருந்து வரைந்ததா என்று உறுதி செய்யாவிட்டால் பின்கள் கண்ணாடி பிம்பமாகிவிடும்.

ட்ரேஸ் அகலத்துக்குக் கிகேட்டிலேயே கால்குலேட்டர் இருக்கிறது: வெளி லேயரில் 1 அவுன்ஸ், 5 ஆம்பியர், 10 டிகிரி ஏற்றம் என்றால் 2.8 மி.மீ. இஞ்செக்டருக்கு 1 மி.மீ. போதும். பவர் பேட்களில் தெர்மல் ரிலீஃபின் (சால்டரிங்கை எளிதாக்க பேடைச் சுற்றி விடும் இடைவெளி) மெல்லிய ஸ்போக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அவைதான் சூடாகும் இடம்.

பற்சக்கரம்:
பின்களையும் பவரையும் மாற்றிவிட்டேன், 4 லேயர் ஆக்கியாயிற்று. முதல் போர்டு வந்ததும் எஞ்சினில் மாட்டும் முன் எதைச் சோதிப்பது?

ரீசெட்பின்:
இஞ்செக்டருக்குப் பதில் ஒவ்வொரு சேனலிலும் 12 வோல்ட், 5 வாட் பல்ப். காயில் சிக்னல்களில் எல்இடியும் ரெசிஸ்டரும். கரண்ட் லிமிட் உள்ள சப்ளையை 12 வோல்ட்டில் வைத்து, சிப் காலியாக இருக்கும்போதே பவரை ஆன்-ஆஃப் செய்யுங்கள். பிறகு பூட்0 பின்னை ஹையாக்கி டிஎஃப்யூ (யூஎஸ்பி வழி ஃபர்ம்வேர் ஏற்றும்) மோடில், பிறகு ஃப்ளாஷ் ஆகும்போது. எந்த விளக்கும் மினுங்கக்கூட கூடாது. அதன்பின் ஃபர்ம்வேர் ஓடும்போது சப்ளையை 6 வோல்ட்டுக்கு இறக்குங்கள். யூஎஸ்பியைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். செருகி இருந்தால் அதன் 5 வோல்ட்டே போர்டைத் தாங்கிப்பிடித்து ரீசெட்டை மறைத்துவிடலாம்.