ஓதம் ஏறாமல் இருக்க பிளிந்த் பீம் மட்டும் போதுமா, தரைக்கடியில் பாலித்தீன் விரிப்பும் வேண்டுமா?

கேள்வி: நாகை மண்வாசி

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடலிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஐப்பசி, கார்த்திகையில் நான்கடி தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். அப்பா கட்டிய பழைய வீட்டின் வடக்கு அறையில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை சுவர் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, கையால் தடவினால் பூச்சு மாவாக உதிர்கிறது. மூன்று முறை சுரண்டிப் பூசி வர்ணம் அடித்தும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்கவில்லை. கடைசியாக ஒருவர் சொன்னதைக் கேட்டு மூன்றடி உயரத்துக்குச் சுவரில் டைல்ஸ் ஒட்டினோம். இப்போது டைல்ஸுக்கு மேலே, நான்கரை அடியில் ஈரக்கோடு தெரிகிறது.

அதே மனையின் பின்பக்கத்தில் புது வீட்டுக்குக் கடைக்கால் முடிந்து, பிளிந்த் பீமுக்கு (கடைக்காலுக்கு மேல், சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் உத்தரம்) கம்பி கட்டிக்கொண்டிருக்கிறோம். தனியாக டிபிசி, அதாவது ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு, போட வேண்டுமா என்று கேட்டால், பீமே கான்கிரீட் என்பதால் அதைத் தாண்டி ஈரம் ஏறாது என்கிறார் மேஸ்திரி. தரைக்கடியில் பாலித்தீன் விரிப்பு போட்டே ஆக வேண்டும் என்கிறார் என் அண்ணன். இருவரில் யார் சொல்வது சரி? விரிப்பு போடுவதானால் எந்தத் தடிமனில், எந்த அடுக்கில் போட வேண்டும்? பழைய வீட்டுக்கு வழி உண்டா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், தஞ்சாவூர்

தம்பி, உங்கள் அண்ணன் சொல்வது சரி; ஆனால் விரிப்பு மட்டும் போதாது. சுவருக்குள் ஓர் அடுக்கும் தரைக்கடியில் ஓர் அடுக்கும் வேண்டும், அவை இரண்டும் ஒன்றோடொன்று இடைவெளியின்றி இணைந்திருக்க வேண்டும். வீட்டின் அடியில் விளிம்பு மடக்கிய ஒரு பெரிய தாம்பாளத்தை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எவ்வளவு நல்ல பொருளைப் போட்டாலும், தரையும் சுவரும் சேரும் மூலையில் ஒரு விரற்கடை விட்டுப்போனால் ஈரம் அந்த வழியாகத்தான் வரும்.

விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப் போல, செங்கல்லில் உள்ள நுண்துளைகள் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. சாதாரணச் செங்கல் 24 மணி நேரம் ஊறிய பிறகு தன் எடையில் 20 விழுக்காடு வரை தண்ணீர் குடிக்கலாம் என்று இந்தியத் தரவிதியே அனுமதிக்கிறது. 3 கிலோ எடையுள்ள ஒரு கல் அரை லிட்டருக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று பொருள். அந்த ஈரம் சுவரின் முகப்புக்கு வந்து காற்றில் உலர்கிறது. அதிலிருந்த உப்பு மட்டும் தங்கி, பூச்சுக்குள் படிகமாக வளர்ந்து அதைத் தள்ளி உதிர்க்கிறது. நீங்கள் டைல்ஸ் ஒட்டி, உலரும் முகப்பை அடைத்துவிட்டீர்கள். வெளியேற வழியில்லாத ஈரம், திறந்த முகப்பு கிடைக்கும் உயரம் வரை ஏறிவிட்டது. நான்கரை அடியில் தெரியும் கோட்டுக்கு அதுவே காரணம்.

நன்றாகக் கெட்டிக்கப்பட்ட கான்கிரீட்டில் ஈரம் ஏறுவது குறையும் என்ற அளவில் மேஸ்திரி சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் கான்கிரீட்டிலும் நுண்துளைகள் உண்டு. வைப்ரேட்டர் சரியாகப் போடாத இடத்தில் தேன்கூடு போலப் பொத்தலும் விழும். அதனால் பீமின் மேல், செங்கல் கட்டுவதற்கு முன், 1:2:4 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) 40 மில்லிமீட்டர் தடிமனுக்கு நீர்த்தடுப்புத் தூள் கலந்த கான்கிரீட்டைச் சுவரின் முழு அகலத்துக்கும் போடச் சொல்லுங்கள்; இதுதான் டிபிசி. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 1 கிலோ தூள் போதும். அது இறுகி உலர்ந்த பிறகு தூசி தட்டி, தார் போன்ற பிட்டுமெனைச் சூடாக்கிச் சதுர மீட்டருக்கு 1.7 கிலோ என்ற அளவில் பூசுவது மத்தியப் பொதுப்பணித் துறையின் நெடுநாளைய நடைமுறை. வாசற்படி இருக்கும் இடத்தில் மட்டும் இந்த அடுக்கை விட்டுவிடலாம். வேறெங்கும் அது அறுபடக் கூடாது.

தரைக்கு 250 மைக்ரானுக்குக் குறையாத, முடிந்தால் 300 மைக்ரான் பாலித்தீன் விரிப்பை வாங்குங்கள். மழைக்கு மூட்டையை மூடும் மெல்லிய விரிப்பு இதற்கு உதவாது. ஒரு விரிப்பின் மேல் அடுத்தது ஓரடியாவது ஏறியிருக்க வேண்டும்; அந்த ஏற்றத்தைப் பியூட்டைல் பட்டையால் ஒட்ட வேண்டும். சுவரோரத்தில் விரிப்பை மேல்நோக்கி மடக்கி, டிபிசி இருக்கும் மட்டம் வரை கொண்டுபோய், அதன் பிட்டுமெனோடு சேர்த்து ஒட்டுங்கள். இந்த ஒரு வேலை நடக்கும் நாளில் மட்டும் வேறு எங்கும் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

நம் கோபுரங்களில் கீழ்நிலைகள் கருங்கல்லாகவும், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையுமாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாரம் தாங்குவதே அதன் முதல் நோக்கம் என்றாலும், கருங்கல் மிகக் குறைவாகவே தண்ணீர் குடிக்கும் என்பதால் மேலே உள்ள செங்கல்லுக்கு அது ஒரு காப்பாகவும் அமைந்துவிடுகிறது.

பதில்: கட்டட மேற்பார்வையாளர், கும்பகோணம்

ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். விரிப்பைப் போடும் அடுக்கைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறேன். பலர் மண் நிரப்பித் திமிசு போட்ட உடனே விரிப்பை விரித்து, அதன் மேல் நேராக 40 மில்லிமீட்டர் ஜல்லிக் கான்கிரீட்டைக் கொட்டிவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன், கட்டி ஏழு ஆண்டே ஆன ஒரு வீட்டில் ஈரம் தாங்காமல் ஓர் அறையின் தரையைப் பெயர்த்தோம். விரிப்பு அங்கே இருக்கத்தான் செய்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, ஜல்லி முனை குத்திய துளைகள் சல்லடைபோலத் தெரிந்தன. அதோடு, விரிப்பு சுவருக்கு ஒரு சாண் முன்னதாகவே முடிந்திருந்தது. அந்த ஒரு சாண் அகலத்தில் மண் கைக்கு ஒட்டுகிற அளவுக்கு ஈரமாகவும், நடுவில் அதைவிடக் காய்ந்தும் இருந்ததைப் பார்த்த பிறகு, விரிப்பின் ஓரத்தை நான் வேறு யார் கையிலும் விடுவதில்லை.

ஆகையால் கறையான் மருந்து அடித்து, மணல் பரப்பி, அடிக் கான்கிரீட்டை முதலில் போட்டு, அதன் மேல்முகத்தை மணியாஸ் கட்டையால் வழவழப்பாக்கி, அது இறுகிய பிறகு விரிப்பைப் போடுவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து. இதில் ஒரு நிபந்தனை உண்டு. விரிப்போடு மேல் கலவை ஒட்டாது என்பதால், அதற்கு மேல் குறைந்தது இரண்டு அங்குலம் தடிமனுக்குக் கலவைத் தளம் இருக்க வேண்டும். மெல்லியதாகப் போட்டால் தளம் வெடிக்கும், டைல்ஸைத் தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்கும். கலவையில் தண்ணீரையும் குறையுங்கள். கீழே விரிப்பு இருப்பதால் மிகுதித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலேதான் வரும். விரித்த பிறகு அதன் மேல் தள்ளுவண்டியை ஓட்டவோ கம்பியை இழுக்கவோ விடாதீர்கள். குழாய் துளைத்து வரும் இடங்களில் விரிப்பைச் சற்றுச் சிறிய துளையாக வெட்டி, குழாயைச் சுற்றிப் பட்டையால் இறுக்கி ஒட்ட வேண்டும். கழிவறையிலும் சமையலறையிலும் நான்கைந்து குழாய்கள் வரும் என்பதால் அங்கே அவசரப்படக் கூடாது.

பதில்: மேற்கு மாம்பலம் வாசகர்

எல்லாம் சரியாகப் போட்டும் கெட்டுப்போன வீடு எங்களுடையது. கட்டும்போது டிபிசி தெருவைவிட இரண்டடி உயரத்தில் இருந்தது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதில் தெரு ஏறி, அதற்கேற்ப நாங்களும் முற்றத்தில் மண் கொட்டி உயர்த்தியதில், டிபிசி மண்ணுக்குள் போய்விட்டது. மண் அந்த அடுக்கைத் தாண்டிச் சுவரைத் தொட்டால், அடுக்கு இருந்தும் இல்லாததற்குச் சமம். வெளிப்பூச்சைத் தரைவரை இறக்கினாலும் இதே கதைதான். பூச்சே ஈரத்துக்கு ஏணியாகிவிடும். டிபிசி மட்டத்தில் வெளிப்பூச்சை ஒரு கோடாக அறுத்து நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே உள்ள நிலம் அதற்கு அரையடியாவது கீழே இருக்கட்டும்.

கேள்வி தொடர்ச்சி: நாகை மண்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். விரிப்பை அடிக் கான்கிரீட்டுக்கு மேல் போட ஒப்புக்கொண்டார். இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிறது. அதைக் கலவைக்குப் பயன்படுத்தலாமா? பழைய வீட்டுச் சுவரில் துளையிட்டு மருந்து செலுத்தினால் ஓதம் நிற்கும் என்கிறார்களே, அது பலன் தருமா?

பதில்: ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர், தஞ்சாவூர்

தண்ணீரை ஒரு சோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டினால் கலவைக்கு மட்டுமன்றி, சுவரை நனைத்து ஆற்றுவதற்கும் அதைப் பயன்படுத்தாதீர்கள். உப்பை நாமே கொண்டுபோய்ச் சுவருக்குள் வைத்தால் எந்தப் படலமும் அதைத் தடுக்காது. லாரித் தண்ணீருக்கு ஆகும் செலவு, பிறகு சுரண்டிப் பூசும் செலவோடு ஒப்பிட்டால் சிறியது.

பழைய வீட்டில் எதையும் செய்வதற்கு முன், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யுங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் துண்டு ஒன்றை அறைத் தரையில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுதும் விடுங்கள். பிரிக்கும்போது அடிப்பக்கத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தால் தரைவழி ஈரம் வருகிறது. மேற்பக்கத்தில் இருந்தால் அது காற்றின் ஈரம். சுவரை ஒட்டிக் குளியலறைக் குழாய் ஏதும் கசிகிறதா என்பதையும் பாருங்கள்.

மண்ணிலிருந்து ஏறும் ஓதம்தான் என்று உறுதியானால், சிலேன் வகைப் பசையைச் செலுத்துவது பலன் தரக்கூடியதே. வெளித்தரைக்கு அரையடி மேலே உள்ள கலவை வரிசையில், 12 மில்லிமீட்டர் விட்டத்தில், 10 முதல் 12 சென்டிமீட்டருக்கு ஒரு துளையாக நேர்கோட்டில் போட்டு நிரப்புவார்கள். நுண்துளைகள் தண்ணீரை உறிஞ்சுவதை அது நிறுத்தும். ஆனால் அழுத்தத்தோடு பக்கவாட்டில் தள்ளிவரும் தண்ணீரை நிறுத்தாது. அதனால் மழைக்காலத்தில் சுவரோரம் தண்ணீர் தேங்காமல் வடிகால் அமைப்பது முதல் வேலை. டைல்ஸை எடுத்துவிட்டு, ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல் வரை பழைய பூச்சு முழுவதையும் கொத்தி அப்புறப்படுத்துங்கள். அதில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தையும் இழுக்கக்கூடியது.

செலுத்திய உடனே சுவர் காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காற்றோட்டம் நன்றாக இருந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் உலரும் என்பது பொதுவான கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம் ஆகலாம். தை பிறந்ததும் தொடங்கினால் பங்குனி, சித்திரை, வைகாசி வெயில் முழுதும் உங்களுக்குக் கிடைக்கும். சுவர் உலரும் வரை சிமெண்ட் பூச்சோ பிளாஸ்டிக் வர்ணமோ வேண்டாம்; செங்கல் வெளியே தெரிவது கண்ணுக்குப் பொறுக்கவில்லை என்றால் சுண்ணாம்பு மட்டும் அடித்து வையுங்கள்.