ஒப்புரவு வழிபாட்டுக்குப் பாதிக்கப்பட்டவரை அழைக்கலாமா?

மறையாசிரியர் (கல்முனை):
பன்னிரண்டு வயதில் ஒரு குருவானவரால் பாலியல் வன்முறைக்கு உள்ளான சகோதரி ஒருவர், 35 வயதில் அதை வாய்திறந்து சொல்லியிருக்கிறார். தவக்கால ஒப்புரவு வழிபாட்டில் பங்கு மக்கள் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரை மீண்டும் ஆலயத்தோடு இணைக்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்தக் குருவானவரும் முதுமையில் மனம் வருந்துகிறாராம். பொலிஸ், நீதிமன்றம் என்று போனால், போரிலும் சுனாமியிலும் 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளிலும் அடிமேல் அடி வாங்கிய நம் சிறிய சமூகம் இன்னும் உடைந்துபோகும் என்று அஞ்சுகிறேன்.

வாவிக்கரை (மட்டக்களப்பு):
ஐயா, உங்கள் அச்சம் விளங்குகிறது. ஆனால் உடைத்தவரை விட்டுவிட்டு, உடைந்ததைச் சொன்னவரின் தலையில் சமூகத்தைக் காக்கும் பொறுப்பை வைக்கிறீர்கள். எல்லோரும் உறவாகவும் அயலாகவும் இருக்கும் ஒரு பங்கில், நிறைந்த ஆலயத்தின் நடுவே நின்று, "என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை" என்று சொல்ல அவருக்கு இடமிருக்குமா? மறுக்க முடியாத இடத்தில் கேட்கப்படும் மன்னிப்பு இன்னொரு வற்புறுத்தலே. திருவுடையைக் கண்டாலே உடல் நடுங்குகிறவர்களுக்கு, பீடத்தின் முன் நிற்பதே பழைய காயத்துக்குள் மீண்டும் தள்ளப்படுவதாகும்.

மறையாசிரியர்:
எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொன்னவர் ஆண்டவர் அல்லவா? சகோதரன் பிழை செய்தால் முதலில் தனியே சொல் என்பதும் அவர் வார்த்தைதான். மன்னிக்காத மனம் அந்தச் சகோதரியையே வருத்தும்.

வாவிக்கரை:
நீங்கள் காட்டும் இரண்டு வசனங்களும் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன. அதே அதிகாரத்தில் அவற்றுக்கு முன்னதாகவே, சிறியோருக்கு இடறலாயிருப்பவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்று ஆண்டவர் சொல்கிறார். அதை விட்டுவிட்டு மன்னிப்பை மட்டும் எப்படிப் போதிப்பது? திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் வெளியிட்டு 2023இல் நிலையானதாக்கிய 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' என்ற திருச்சபைச் சட்டம், முறையிடுபவர்மீது மௌனத்தைச் சுமத்தக் கூடாது என்கிறது. பாதிக்கப்பட்டவருக்குச் செவிகொடுத்து, ஆன்மிக, மருத்துவ, உளவியல் உதவி அளிக்கவும் கட்டளையிடுகிறது. ஆறுதலை அங்கிருந்து தொடங்குங்கள். ஒப்புரவு வேண்டுமா, எப்போது, யார் முன்னிலையில் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். வேண்டாம் என்றால் அதுவும் விசுவாசக் குறைவல்ல.

சட்ட மாணவி (அக்கரைப்பற்று):
ஒரு தகவல். இலங்கையில் கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்குப் பொதுவாக 20 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். பன்னிரண்டு வயதில் நடந்ததற்கு அந்தக் காலம் கடந்திருக்கலாம் என்பதால் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்பது அவசியம். திருச்சபைச் சட்டத்திலோ 20 ஆண்டுகள் என்பது பாதிக்கப்பட்டவர் 18 வயதை நிறைவுசெய்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. அது கடந்தாலும் விலக்களிக்க வத்திக்கானுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே ஆயரிடம் எழுத்தில் முறையிடுவது வீண்போகாது.

மறையாசிரியர்:
வழிபாட்டைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். மன்னிப்பே இறுதியில் அவரை விடுவிக்கும் என்ற என் நம்பிக்கை மாறவில்லை. இந்த வாரம் நான் என்ன செய்யலாம்?

வாவிக்கரை:
அவர் நம்பும் ஒரு பெண்ணின் மூலம், என்ன உதவி வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ, வேறோர் உளவளத்துணையாளரிடமோ போக விரும்பினால், செலவை ஆலயம் ஏற்கட்டும். யாரிடம் போவது என்பதை அவரே தெரிவுசெய்யட்டும். அவர் பேசியதைப் பங்குச்சபைக் கூட்டத்தில் திரும்பச் சொல்லாதீர்கள். மற்றொன்று, வருந்துகிறார் என்று நீங்கள் சொல்லும் அந்தக் குருவானவர் இப்போது எங்கே இருக்கிறார், சிறுவர்கள் அவரிடம் போய்வருகிறார்களா என்பதை இன்றே விசாரியுங்கள். போய்வருகிறார்கள் என்றால், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவிக்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.