வரகுக்கோழி கணக்கெடுப்பு: பயிர் நிலத்தில் ஒரே இடத்துக்கு எத்தனை முறை போக வேண்டும்?

வயல்நோக்கி கேட்டது:

வணக்கம். ராஜஸ்தான் அஜ்மீர் மாவட்டத்தில் சோன்கலியா பக்கம், வரும் மழைப்பருவத்தில் வரகுக்கோழி (lesser florican, கானமயில் குடும்பத்துச் சிறிய புல்வெளிப் பறவை) கணக்கெடுக்கத் திட்டம் போடுகிறோம். பரப்பு சுமார் 200 சதுர கிலோமீட்டர். பெரும்பாலும் தனியார் மானாவாரி நிலம்: பாசிப்பயறு, உளுந்து, சோளம், எள், இடையிடையே தரிசுப் புல். ஆள் நான்கு பேர், பைக் இரண்டு, ஜூலை 15 முதல் 60 நாள். எந்த இடத்தை முதலில் காக்க வேண்டும் என்று காட்டும் வரைபடம் ஒன்றை வனத்துறையிடம் கொடுக்க வேண்டும். ஒரே இடத்துக்கு எத்தனை முறை போனால் போதும்? பார்த்த ஆண் பறவைகளை இரண்டால் பெருக்கினால் மொத்தக் கணக்கு ஆகிவிடுமா? கூடுகளையும் தேடிக் குறிக்கலாமா?

தரைக்கூடு:

2 கி.மீ.க்கு 2 கி.மீ. என்று கட்டம் பிரித்தால் 50 கட்டம் வரும். கட்டத்துக்கு 4 நிற்குமிடம், ஒவ்வொன்றிலும் 20 நிமிடம். விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை ஒரு கட்டம், மாலை நாலரை முதல் இருட்டும் வரை இன்னொன்று. இரண்டு குழு என்றால் நாளைக்கு 4 கட்டம். நான்கு சுற்றுக்கு 50 நாள் ஆகும். மீதி 10 நாளை மழை தின்னும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நான்கு சுற்று ஏன் என்றால், பெண் பறவை கண்ணில் படுவதே அபூர்வம். நாம் எண்ணுவது பெண்ணைக் கவரக் குதிக்கிற ஆணை மட்டும்தான். அதுவும் பயிருக்கு மேலே எழுந்து ஓரிரு நொடியில் விழுந்துவிடும். ஒரு நாளில் 500 முறைகூடக் குதிக்கும் பறவைதான், ஆனால் வெயில் ஏறினால் சும்மா நிற்கும், மப்பு போட்டால் பகலிலும் குதிக்கும். ஒரு முறை போனால் கண்ணில் படும் வாய்ப்பு 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை போன பிறகும் 100க்கு 22 தப்பிவிடும், நான்காவது முறையில் அது 13 ஆகும்.

புதியவர்கள் செய்யும் தவறு, வந்து நின்றதும் பைனாகுலரைக் கண்ணில் வைப்பது. பார்வை வட்டம் குறுகி, பக்கத்து வயலில் குதித்தது தெரியாமலே போகும். வெறும் கண்ணால் மெதுவாகத் துழாவுங்கள். தவளை கத்தியது போன்ற சத்தம் கேட்டாலோ, பயிர் மட்டத்துக்கு மேல் வெள்ளை மின்னினாலோ அங்கே பைனாகுலரைத் திருப்புங்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் மணி, நிமிடம், திசைகாட்டிக் கோணம், தோராயத் தொலைவு நான்கையும் எழுத வேண்டும். ஒரே குழுவின் இருவரும் 400 மீட்டர் தள்ளித் தள்ளி நின்று கடிகாரத்தைச் சரிசெய்து வைத்துக்கொண்டால், ஒரே நிமிடத்தில் பதிவான இரண்டு குதிப்பும் ஒரு பறவையா இரண்டா என்று கோணக் கோடுகளை வரைந்து பார்த்தாலே தெரியும்.

25 செ.மீ.க்கு ஒரு பெயின்ட் கோடு போட்ட கம்பு ஒன்று கையில் இருக்கட்டும். நிற்கும் இடத்திலெல்லாம் பயிர் உயரத்தை எழுதுங்கள். சோளம் ஆள் உயரத்தைத் தாண்டினால் ஆண் குதித்தாலும் தெரியாது. அங்கே "இல்லை" என்று எழுதினால் அது "தெரியவில்லை" என்றுதான் பொருள்.

எண்ணும் எழுத்தும்:

தரைக்கூடு சொன்ன சுற்றுக் கணக்கு சரி, வரிசையில் ஒரு திருத்தம். நான்கு முறையையும் 50 நாளில் பரப்பினால், ஜூலையில் தரிசுப் புல்லில் குதித்த ஆண் ஆகஸ்ட் கடைசியில் பயறு வயலுக்கு நகர்ந்திருக்கும். இடம் மாறியதை "கண்ணில் படவில்லை" என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். முதல் 25 நாளில் எல்லாக் கட்டத்துக்கும் இரண்டு முறை, அடுத்த 25 நாளில் இரண்டு முறை என்று போய், இரண்டு பாதியையும் தனித்தனியாகப் பகுத்தாயுங்கள். பருவத்துக்குள் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதும் கையில் வரும், திட்டத்துக்கு அது ரொம்ப முக்கியம்.

இரண்டால் பெருக்குவதை முதன்மை எண்ணாகப் போடாதீர்கள். ஆண் பெண் சமம் என்பதற்கு உங்கள் தரவில் ஆதாரம் இருக்காது. 2017இல் நாட்டளவில் நடந்த கணக்கெடுப்பில் ஆண் பறவை சுமார் 340 என்று மதிப்பிட்டார்கள், அதன் வரம்பு 162 முதல் 597 வரை. வரம்பே இவ்வளவு அகலம் என்னும்போது பெருக்கினால் பிழையும் சேர்ந்து பெருகும்.

ஓராண்டுக் கணக்கை வைத்துக் கூடியது குறைந்தது என்றும் சொல்லக்கூடாது. வறட்சிக்குப் பின் 1989இல் மொத்த மதிப்பீடு 1672 ஆக விழுந்தது, 1994இல் 2206 ஆக ஏறியது. பிற்காலத்தில் ஆனைகட்டி சாலிம் அலி பறவையியல் மையத்தின் இயக்குநராக இருந்த ரவி சங்கரனின் ஆய்வுகளைப் படித்தால், மழைக்கும் இந்தப் பறவைக்கும் உள்ள பிணைப்பு புரியும். வாரந்தோறும் மழையளவை எழுதி வையுங்கள்.

வயல்நோக்கி:

நன்றி. இரு பாதியாகவே பிரித்துக்கொள்கிறோம். கூடு விஷயம்?

மானாவாரி:

தேடவே வேண்டாம். பயிருக்குள் நாம் நடந்த தடத்தைப் பிடித்து நாய் வரும். காக்கை நாம் எங்கே குனிகிறோம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். பெண் ஒருமுறை எழுந்து ஓடினால் முட்டை வெயிலில் கிடக்கும். உழவர் தானாகக் கண்டு சொன்னால் மட்டும் வரப்பில் நின்று இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உண்மையான ஆபத்து அறுவடையில். அடைகாப்பு 21 நாள். ஆகஸ்ட் 15இல் இட்ட முட்டை செப்டம்பர் 5இல் பொரிக்கும். குஞ்சு உடனே நடந்துவிடும், பறக்க வாரக்கணக்கில் ஆகும். ஜூலைத் தொடக்கத்தில் விதைத்த பயறு 65, 70 நாளில் அறுப்புக்கு வரும், அதாவது அந்தக் குஞ்சு பயிருக்குள் பதுங்கிக் கிடக்கும் அதே வாரம். நான்கு பக்கமும் விளிம்பிலிருந்து அறுத்துக்கொண்டு போனால் தாயும் குஞ்சும் நடுத்திட்டில் மாட்டிக்கொள்ளும். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, தரிசுப் புல் இருக்கும் திசையில் முடியும்படி அறுக்கச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் வைக்கோல் நிலத்தில் கூடு கட்டும் கார்ன்கிரேக் பறவைக்கு இதே முறையைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். உழவருக்குச் செலவு அதிகமில்லை. கூடு தெரிந்த இடத்தில் ஒரு திட்டை அறுக்காமல் விடச் சொன்னால், அந்தத் திட்டின் விளைச்சல் மதிப்பைச் சந்தை விலையில் அப்போதே கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு என்று இழுத்தால் எந்த ஊரும் நம்பாது.

வரைபடத்தில் வயலைக் காட்டாதீர்கள், கட்டத்தைக் காட்டுங்கள். இந்த ஆண்டு பயறு போட்ட வயலில் அடுத்த ஆண்டு சோளம் நிற்கும், பறவை பக்கத்துக்கு மாறிவிடும். நிலையாக இருப்பது தரிசுப் புல்தான். இரு பாதியிலும் ஆண் குதித்த கட்டம், அதில் புல் எவ்வளவு, சீமைக் கருவேலம் எவ்வளவு ஏறியிருக்கிறது, மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, நாய் நடமாட்டம், பூச்சிமருந்து எத்தனை முறை அடிக்கிறார்கள், இவற்றை அடுக்கினால் முன்னுரிமை தானாக வரும். மருந்தைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள், வெட்டுக்கிளியும் வண்டும்தான் இதன் தீனி. சீமைக் கருவேலம் வெட்டும் வேலை எதுவானாலும் ஜூன் பிறப்பதற்குள் முடிய வேண்டும். "வெறும் தரிசு" என்று மரக்கன்று நடும் திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வனத்துறையிடமே கேட்டு, அதையும் அதே வரைபடத்தில் சிவப்பில் போடுங்கள்.

துல்லியமான இடக் குறியீடுகள் வனத்துறைக்குத் தனி உறையில் போகட்டும். வெளியில் போகும் பிரதியில் கட்ட எண் போதும். இல்லாவிட்டால் அடுத்த ஜூலையில் கேமராக்காரர்களின் ஜீப்புகள் அந்தப் பயறு வயலுக்குள்ளேயே நிற்கும்.